புல் வாய்க்காலுக்குத் தென்னை நார் வலை: 700 கிராம் ரகம் எப்படி?

மழைநீர் ஓட கான்கிரீட் கால்வாய்க்குப் பதில் அகலமான புல் வாய்க்கால் வெட்டி, அதைக் குட்டையில் கொண்டுபோய் விடும் வேலையில் சிக்கலே முதல் மழைதான். புல் பிடிப்பதற்குள் மழை கொட்டினால், வெட்டிய மண் மொத்தமும் குட்டையில் போய்ப் படிந்துவிடும். அந்த இடைவெளியைத் தாண்ட விற்கப்படுவதுதான் ‘காயர் ஜியோ டெக்ஸ்டைல்’ என்கிற தென்னை நார் வலை.

இது ஏன் தேவை என்பதைக் கணக்கே சொல்லும். ஒரு ஹெக்டேர் குடியிருப்புப் பரப்பில் மணிக்கு 25 மி.மீ. மழை பெய்தால், அதில் 70 சதவீதம் ஓடிவருவதாக வைத்தாலும் நொடிக்குச் சுமார் 49 லிட்டர். தரை அகலம் 2 மீட்டர், கரைச்சரிவு மூன்றுக்கு ஒன்று (3 மீட்டர் அகலத்துக்கு 1 மீட்டர் உயரம்), வாட்டம் 100 மீட்டருக்கு 1 மீட்டர் என்றால், அடர்ந்த புல்லில் இந்த நீர் 15 செ.மீ. ஆழத்தில் நொடிக்கு 13 செ.மீ. வேகத்தில் நகரும். 60 மீட்டரைக் கடக்க 8 நிமிடம் ஆகும். வண்டலும் எண்ணெய்ப் பிசுக்கும் தங்குவது அந்த நிதானத்தில்தான். அதே வாய்க்கால் வெறும் மண்ணாக இருந்தால் நீர் 5 செ.மீ. ஆழத்தில் நொடிக்கு 44 செ.மீ. வேகத்தில் பாயும். மூன்று மடங்குக்கும் மேல்!

சதுர மீட்டருக்கு 400, 700, 900 கிராம் என மூன்று எடைகளில் கிடைக்கிறது. 400 கிராம், மேல் கரைக்குப் போதும்; நீரோடும் தரைக்கு வேண்டாம். 900 கிராம் செங்குத்துக் கரைக்கு ஏற்றது, ஆனால் பின்னல் நெருங்கிவிடுவதால் நாற்றுச் செருக ஒவ்வொரு கண்ணையும் விரலால் விலக்க வேண்டியிருக்கும். வாய்க்கால் தரைக்கு 700 கிராம்தான் சரி. ஒரு மீட்டர் அகல, 50 மீட்டர் நீளச் சுருள் 35 கிலோ. இரண்டு பேர் எளிதாகத் தூக்கலாம். நாரில் எளிதில் மக்காத லிக்னின் என்ற பொருள் அதிகம் என்பதால் மண்ணில் இரண்டு, மூன்று வருடம் நிற்கும். சணல் வலை பெரும்பாலும் ஒரே பருவத்தில் நைந்துபோகிறது.

விரிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மேல் முனையில் 30 செ.மீ. ஆழப் பள்ளம் எடுத்து, வலையின் நுனியை அதில் புதைத்து, மண்ணைத் திம்சு போட்டு இறுக்க வேண்டும். புல் விதையை விரிப்பதற்கு முன்பே தூவிவிடுங்கள். சுருள்கள் சேரும் இடத்தில் 15 செ.மீ. மேலேறட்டும், அதுவும் ஓடு வேய்வது போல: மேட்டுப்பக்கத்து வலை மேலே, பள்ளத்துப்பக்கத்து வலை கீழே. இதை மாற்றிப் போட்டால் நீர் இணைப்பில் புகுந்து வலையையே தூக்கிவிடும். மீட்டருக்கு ஒன்றாக, 30 செ.மீ. நீள யூ கம்பிகளை அடிக்க வேண்டும், இணைப்புகளில் நெருக்கமாக.

பெரும்பாலான தோல்விக்கு ஒரே காரணம், வலை மண்ணோடு ஒட்டாதது. அடியில் ஒரு கட்டி மண் இருந்தாலும் அந்த இடத்தில் வலை கூடாரம் போல நிற்கும். மேலிருந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்காகவே தெரியும். வலையைத் தூக்கினால்தான் அடியில் விரல் தடிமனில் அரித்த ஓடைகள் கண்ணில் படும். விரித்த பிறகு மேலே நடந்து பாருங்கள். கால் பொதபொதவென்று அமுங்கும் இடத்தில் இன்னொரு கம்பி அடியுங்கள்.

குழாய் வந்து விழும் வாயில் இந்த வலையை மட்டும் நம்பவே கூடாது. அங்கே 15–20 செ.மீ. கருங்கல் பரப்பி, அதற்குக் கீழே இருந்து வலையைத் தொடங்குங்கள். குறுக்கே வெட்டிவேர் நாற்றை 10–15 செ.மீ. இடைவெளியில் வரிசையாக நட்டால் வேகம் இன்னும் குறையும். வாட்டம் ஒரு சதவீதத்துக்குக் குறைவான சமதளத்தில் நீர் தேங்குகிறதா என்று பாருங்கள். மூன்று நாளுக்கு மேல் நின்றால் கொசுதான்.

குட்டையில் எப்போதும் நீர் நிற்கும் அடித்தரைக்கு இது வீண் செலவு. நீர்மட்டம் ஏறி இறங்கும் விளிம்புக்குத்தான் இது வேண்டும். அங்கே கோரையும் கல்வாழையும் வேர் பிடிக்கும்வரை கரை சரியாமல் காக்கும். முதல் சில மழைகளுக்கு வலையிலிருந்து தேநீர் நிறத்தில் சாறு இறங்கும், ஆகவே மீன் விடுவதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள்.

வாங்கும்போது ஒரு இழையைப் பிரித்துக் கொளுத்திப் பாருங்கள். நார் என்றால் சாம்பலாகும். பிளாஸ்டிக் இழை உருகி உருண்டையாகும். நெய்யாமல் தைத்து வரும் நார்ப் போர்வைகளில் இருபுறமும் பிளாஸ்டிக் வலை இருப்பது வழக்கம். நார் மக்கிய பிறகும் அது மண்ணில் கிடந்து புல்வெட்டியில் சுற்றும், பாம்பும் சிக்கும். இந்திய தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 15869 தரம் நெய்த வலைக்கானது; பில்லில் அதைக் கேட்டு வாங்குங்கள்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குவதால் ஜூலைக்குள் விரித்துத் தண்ணீர் காட்டத் தொடங்கினால் புல் தேறிவிடும். முதல் ஆறு மாதம் கைவெட்டுத்தான். 10 செ.மீ.க்குக் கீழே வெட்ட வேண்டாம், வெட்டிய புல்லை வாய்க்காலிலேயே விடவும் வேண்டாம்.