நகரும் பிறிட்ஜ்: ஏலத்தில் வந்த பெயரில்லாத ஆர்ச்டொப், மூன்று கச்சான் காற்றுக்குப் பிறகு

"இலண்டன் தர்மக்கடை ஒன்றின் இணைய ஏலத்தில் எஃப் துளைக் கிற்றார் ஒன்று கிடக்குது. பேர் இல்லை, 'உள்ளபடியே விற்பனை' என்று மட்டும் போட்டிருக்கு. கேட்கவா மச்சான்?" நிலாவெளியிலிருந்து வந்த கேள்வி இது. அதே மாதிரி வந்த ஒன்று இங்கே உப்புவெளியில் நாலாவது வருடமாக வாசிப்பில் இருக்கிறது. ஓம் என்றும் சொல்ல முடியவில்லை, வேண்டாம் என்றும் சொல்ல முடியவில்லை. எல்லாம் அந்தப் பிறிட்ஜால், கம்பிகளைத் தாங்கி நிற்கும் மரத்துண்டால், வந்த வினை.

ஆர்ச்டொப்பில், அதாவது மேற்பலகை வளைந்த இந்த வகைக் கிற்றாரில், பிறிட்ஜ் ஒட்டப்பட்டிருக்காது, கம்பிகளின் அழுத்தத்தில்தான் நிற்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். நாளாந்த வாசிப்பில் அது எப்படிப் படுத்தும் என்பதை எவரும் எழுதிவைப்பதில்லை. சாவியைத் திருகிக் கம்பியை ஏற்றும் ஒவ்வொரு தடவையும் கம்பி, பிறிட்ஜின் மேல்துண்டைத் தலைப்பக்கமாகக் கொஞ்சம் இழுக்கிறது. மேல்துண்டு சாய்கிறது, இரண்டு மூன்று கிழமையில் அடித்துண்டும் பின்னாலேயே போகிறது. இந்தக் கிற்றாரின் ஸ்கேல், அதாவது கம்பியின் அதிரும் நீளம், 635 மில்லிமீற்றர். பிறிட்ஜ் 2 மில்லிமீற்றர் முன்னால் வந்தாலே பன்னிரண்டாம் பிரெற்றில் (பிரெற் என்பது விரற்பலகையில் பதித்த உலோகக் கோடு) சுருதி 5 சென்ற்றுக்கு மேல் ஏறிவிடும். ஒரு அரைச்சுருதிக்கு 100 சென்ற் என்று பார்த்தால் இது சின்னக் கணக்குத்தான். ஆனால் தலைப்பக்கத்தில் பிடிக்கும் ஈ மேஜர் கோர்ட் சுத்தமாகவும், உடல் பக்கம் பிடிக்கும் அதே ஈ மேஜர் புளித்தும் கேட்கும். கீபோர்ட்டோடு சேர்ந்து வாசித்தால் காது கூசும்.

சரிபார்க்க ஒரு நிமிடம் போதும். பன்னிரண்டாம் பிரெற்றில் ஹார்மோனிக்கை, அதாவது கம்பியை அழுத்தாமல் தொட்டு எழுப்பும் சுரத்தை, தட்டுங்கள், பிறகு அதே பிரெற்றை அழுத்தி வாசியுங்கள். அழுத்திய சுரம் கூடியிருந்தால் பிறிட்ஜை ரெயில்பீஸ் (கம்பிகளின் கீழ்நுனி மாட்டியிருக்கும் துண்டு) பக்கம் தள்ள வேண்டும், குறைந்திருந்தால் தலைப்பக்கம். முதலாம் கம்பிக்கும் ஆறாம் கம்பிக்கும் தனித்தனியாகப் பாருங்கள், பிறிட்ஜ் கொஞ்சம் சரிவாக நிற்பதுதான் வழமை. தள்ளுவதற்கு முன் கம்பிகளை அரைச் சுற்றாவது தளர்த்த வேண்டும், இல்லாவிட்டால் வேர்ணிஸில் கோடு விழும். ஆறு கம்பியையும் ஒரே நேரத்தில் கழற்றினால் பிறிட்ஜ் கையோடு வந்துவிடும், பழைய இடம் தெரியாமல் போகும். ஒவ்வொன்றாக மாற்றுவதே புத்தி. முன்கூட்டியே பிறிட்ஜின் பாதத்தின் இரண்டு பக்கமும் மாஸ்கிங் ரேப் ஒட்டி, அதில் பென்சிலால் கோடு போட்டுவைத்தால் எவ்வளவு நகர்ந்தது என்பது எப்போதும் தெரியும்.

ஆனால் எல்லா ஆர்ச்டொப்பும் இப்படி ஓடித்திரிவதில்லை. இது ஓடியதற்குக் காரணம், பிறிட்ஜின் அடித்துண்டு வேறு ஏதோ கிற்றாருக்குச் செய்தது. மேற்பலகையின் வளைவை விட அடித்துண்டின் வளைவு கூட. இரண்டு ஓரமும் மட்டும் தொட்டுக்கொண்டிருக்க, நடுவில் தாள் ஒன்று தடையில்லாமல் போய்வந்தது. ஓரத்தில் நிற்கும் பொருள் நகராமல் என்ன செய்யும்?

திருத்தும் முறை இதுதான். பிறிட்ஜ் நிற்கும் இடத்தில் 100 நம்பர் சாண்ட் பேப்பரை, தேய்க்கும் முகம் மேலே இருக்கும்படி, மேற்பலகையோடு படிய நாலு பக்கமும் ரேப்பால் ஒட்டுங்கள். மேல்துண்டையும், உயரத்தை மாற்றும் திருகுச் சில்லுகளையும் கழற்றிவிட்டு, அடித்துண்டை அதன்மேல் வைத்துக் கம்பி ஓடும் திசையில் மட்டும் தேய்க்க வேண்டும். அரை அங்குலத்துக்கு மேல் ஓட விடாதீர்கள், தள்ளிப் போகப் போக வளைவு மாறும். விரல்கள் தாழ்வாக, திருகுகள் நிற்கும் இரண்டு இடத்திலும் சமமாக அழுத்த வேண்டும். உயரத்தில் பிடித்தால் துண்டு முன்னும் பின்னும் ஆடி, அடிப்பாகம் தொட்டில் மாதிரி உருண்டுவிடும். அதற்குப் பிறகு புதுத் துண்டுதான். 100க்குப் பிறகு 150, கடைசியில் 220. எங்கே இன்னும் தொடவில்லை என்று பார்க்க, கந்தோர்க் கார்பன் தாளை மை முகம் மேலே இருக்க விரித்து, அதன்மேல் துண்டை வைத்து ஒருமுறை அழுத்தி எடுங்கள். கறுப்புப் பட்ட இடம் மேடு. முழு அடியும் கறுக்கும் வரை விடக்கூடாது. இதற்கு இரண்டு மணித்தியாலம் போனது, உயரத்தில் ஒரு மில்லிமீற்றர் குறைந்தது. அதற்குப் பிறகு நகர்வது பாதிக்கு மேல் குறைந்தது. முழுக்க நிற்கவில்லை.

மிச்சத்துக்கு ரொசின். வயலின் வில்லுக்குப் பூசும் அதே ரொசின்தான், கர்நாடக சங்கீதம் படிக்கும் பிள்ளை இருக்கிற வீட்டில் ஒரு கட்டி கிடக்கும். பொடியாக்கி, அடித்துண்டின் கீழ் ஒரு சிட்டிகை தேய்த்தால் பிடிப்பு வரும். வேர்ணிஸ் இளகுகிற பழைய கிற்றாரில் இதைச் செய்துவிட்டு வெயிலில் நிற்கும் வாகனத்தில் வைக்காதீர்கள், பாதம் ஒட்டிக்கொள்ளும்.

இனி நம் ஊர்க் காற்று. வைகாசி தொடங்கிக் கச்சான் அடிக்கும்போது மரம் காய்ந்து ஒடுங்கும், கம்பி தாழும், பிரெற் ஓரங்கள் விரலைச் சுரண்டும். ஐப்பசியில் வாடை பிறந்து மழை பிடித்தால் மேற்பலகை ஊதும், கழுத்தும் சேர்ந்து அசையும், கம்பி ஏறும். இதைச் சமாளிக்கத்தான் பிறிட்ஜில் இரண்டு சில்லு இருக்கிறது. இதன் திருகு 4 மில்லிமீற்றர் மெற்றிக், ஒரு முழுச் சுற்றுக்கு 0.7 மில்லிமீற்றர் ஏறும் அல்லது இறங்கும். பன்னிரண்டாம் பிரெற்றில் அதன் பாதிதான் தெரியும். வருடத்துக்கு இரண்டு தடவை அரைச் சுற்று போதுமானது. அந்தப் பிரெற்றுக்கு மேல் ஆறாம் கம்பி 2.4, முதலாம் கம்பி 1.8 மில்லிமீற்றர் உயரத்தில் நின்றால் வாசிக்கச் சுகம். சில்லைத் திருப்பினாலோ பிறிட்ஜ் நகர்ந்திருக்கும். மறுபடி ஹார்மோனிக், மறுபடி மாஸ்கிங் ரேப்.

மூன்றாம் கம்பி தனிக் கதை. பழைய ஆர்ச்டொப் மேல்துண்டில் வெட்டியிருக்கும் படிகள், சுற்றுக்கம்பி (மேலே மெல்லிய உலோக இழை சுற்றியது) மூன்றாவதற்குக் கணக்குப் பார்த்தவை. கடையில் கிடைக்கும் மெல்லிய எலெக்ட்ரிக் செட்டில் மூன்றாவது வெறுங்கம்பி. அதைப் போட்டால் எவ்வளவு தள்ளினாலும் அந்த ஒரு கம்பி மட்டும் சுருதி கூடியே நிற்கும், பிறிட்ஜைத் திட்டிப் பயனில்லை. மூன்றாவது சுற்றுக்கம்பியாக இருக்கிற 11 செட் (முதலாம் கம்பியின் தடிப்பு 0.011 அங்குலம்) வாங்குங்கள். கழுத்துக்குள் வளைவைத் திருத்தும் இரும்புக் கோல் இல்லாத பழசுக்கு 12, 13 என்று ஆசைப்பட வேண்டாம், 11 செட்டே கிட்டத்தட்ட 60 கிலோ இழுக்கும். கடற்கரையில் சாதாரண நிக்கல் கம்பி சீக்கிரம் கறுத்துக் கரகரக்கும். தட்டைச்சுற்றுக் கம்பி விலை கூட, ஆனால் உப்பும் வியர்வையும் தங்க இடுக்கு இல்லாததால் பல மடங்கு உழைக்கிறது.

யார் செய்தது என்ற கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை. தேடும் வழியை மட்டும் சொல்லலாம். எஃப் துளையால் சின்னக் கண்ணாடியையும் ஒரு எல்.ஈ.டி விளக்கையும் விட்டுப் பின்பலகையின் உட்பக்கத்தைப் பாருங்கள். சிக்காகோவின் ஹார்மனி கம்பனி செய்ததாக இருந்தால் மாதிரி இலக்கமும், ஓர் எழுத்தோடு வருடத்தின் இரண்டு இலக்கமும் மை முத்திரையாக இருக்க வாய்ப்புண்டு. தலையில் இருக்கிற பெயர் செய்தவரின் பெயர் என்று நம்ப வேண்டாம், சியர்ஸ் கடை சில்வர்டோன் என்று விற்றவற்றில் பல, ஹார்மனி, கே என்ற கம்பனிகள் செய்தவை. பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்னாக்கும் பாகம்) இருந்தால் வொல்யூம் கொன்ட்ரோலின் முதுகில் எண் பாருங்கள். 137 என்று தொடங்கினால் அந்தப் பாகத்தைச் செய்தது சீ.ரீ.எஸ் கம்பனி, அடுத்த இலக்கங்கள் வருடமும் கிழமையும். கிற்றார் அதற்கு முந்தியதாக இருக்காது, அந்தப் பாகம் பிறகு மாற்றியதாக இல்லாதவரை. நற்றுக்கு (கழுத்தின் தலைமுனையில் கம்பிகள் தங்கும் துண்டு) பக்கத்தில் சீரோ பிரெற் என்ற மேலதிகப் பிரெற் இருந்தால் ஐரோப்பா என்று சந்தேகிக்கலாம். இதில் சீரோ பிரெற் உண்டு, திருகு மெற்றிக், விரற்பலகை கறுப்புச் சாயம் பூசிய வெளிர் மரம், உள்ளே லேபல் கழன்ற இடத்தில் நீள்சதுரத் தழும்பு. ஜெர்மனியின் பூபன்றொய்ற், மார்க்நொய்கிர்ஹன் பக்கத்துப் பட்டறைகளில் ஒன்று என்பது என் எண்ணம். அங்கிருந்து மொத்த வியாபாரிகள் பெயரில்லாமலே வாங்கித் தங்கள் பெயரை ஒட்டியிருக்கிறார்கள்.

எஃப் துளையின் ஓரத்தில் மூன்று அடுக்குத் தெரிகிறது, ஆகவே பிளைவூட். குடைந்தெடுத்த முழுப்பலகை இல்லையே என்று மூக்கைச் சுளிப்பவர்கள் இருப்பார்கள். முழுப்பலகை இந்தக் கச்சானில் வெடித்திருக்கும்.

விற்றவர்கள் மேல் கோபம் இன்னும் போகவில்லை. "வேலை செய்கிறது" என்று எழுதியிருந்தார்கள். ஒரு படம், அதுவும் முன்பக்கம். கம்பிகளைத் தளர்த்தாமல், ஒற்றை அட்டைப்பெட்டியில், இரண்டு பத்திரிகைத் தாளோடு அனுப்பினார்கள். கப்பல் பெட்டிக்குள் சூடும் ஈரமும் சேர்ந்தால் பழைய வச்சிரப் பசை இளகும், கம்பியோ இழுத்துக்கொண்டே இருக்கும். குதிப்பக்கத்தில், கழுத்து உடலோடு சேரும் இடத்தில், தாள் நுழைகிற அளவுக்கு விரிசல் விழுந்து வந்தது. காசு தர்மத்துக்குப் போகிறது என்று மனதைத் தேற்றலாம்தான். தானம் கொடுத்த மாட்டைத்தானே பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது? இது 70 பவுண் கொடுத்து வாங்கிய மாடு.

அதனால் ஏலம் கேட்கும் முன் எழுதிக் கேளுங்கள்: பக்கவாட்டில் எடுத்த படம் ஒன்று, குதிப்பக்கம் ஒன்று, தலையிலிருந்து கழுத்து நீளத்துக்குப் பார்த்த மாதிரி ஒன்று. பக்கப் படத்தில் சில்லுகள் அடிமட்டத்தில் இறங்கியிருந்தும் கம்பி உயரத்தில் நின்றால், கழுத்தைக் கழற்றிக் கோணம் மாற்ற வேண்டிய கிற்றார் அது. விட்டுவிடுங்கள். பெட்டியில் போட முன் கம்பிகளை மூன்று சுருதி இறக்கி, பிறிட்ஜைக் கழற்றித் துணியில் சுற்றித் தனியே வைக்கச் சொல்லுங்கள். சொன்னால் செய்வார்கள் என்ற உத்தரவாதம் இல்லை.

சத்தத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மைக் இல்லாத காலத்துப் பித்தளை வாத்தியங்களுக்கு நடுவில் கேட்க வேண்டும் என்று பிறந்த சாதி இது. கிப்சன் கம்பனியின் எல்-5 கிற்றார் 1922இல் எஃப் துளையோடு வந்தது அதற்காகத்தான். பைலாத் தாளத்துக்கு இதைப்போல் ஒன்று இல்லை. நாலு கம்பியில் கோர்ட் பிடித்து, அடித்தவுடன் இடது கையைத் தளர்த்தினால் சத்தம் கத்தரித்த மாதிரி நிற்கும். கோரஸ் பாட்டில் முப்பது குரலுக்குப் பின்னால் நின்றாலும் தாளம் தனியே கேட்கிறது. சாதாரணக் கிற்றாரின் ஒலி அங்கே கஞ்சி மாதிரிக் குழைந்துவிடும். நீண்டு ஒலிக்கும் மீட்டலுக்கும், கம்பியை இழுத்துக் கமகம் காட்டுவதற்கும் இது தோதில்லை. இழுத்தால் பிறிட்ஜ் வேறு நகரும்.

இது ஆடி மாதம். நேற்று மூன்றாவது தடவையாகப் பிறிட்ஜைத் தள்ளியாயிற்று. ஆகவே இன்றைக்குப் புள்ளி 5க்கு 2. மார்கழியில் கேட்டிருந்தால் 4 என்று வந்திருக்கும். நிலாவெளி மச்சான், கேட்காதே. விரல் பழகும் முன் பொறுமை போய்விடும், அந்தக் காசுக்குக் கொழும்பில் புதுக் கிற்றார் ஒன்று பார். ஆனால் விடுவதென்றால் ஏலம் முடிய ஒரு நாளைக்கு முன்னமே சொல்லு. அந்தப் படத்தில் சில்லு பாதி உயரத்தில் நிற்கிற மாதிரித் தெரிகிறது. நான் கேட்கிறேன்.