ஆன்லைன் கடைக் கணக்கை அலசலுக்கு ஏற்றுவது: நாலு வழி, நாலு விதக் கோளாறு

தெற்கு மாசி வீதிப் பக்கம் ஒரு சுங்குடிச் சேலைக் கடை. தெருக் கடையோடு ஆன்லைன் கடையும் உண்டு. எந்த ரகம் எந்த ஊருக்குப் போகிறது, எது திரும்பி வருகிறது என்று வாராவாரம் படம் போட்டுக் காட்டும் வேலை நாலு வருஷமாக என்னுடையது. மாட்டுத்தாவணியில் பூ வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவருக்கும் இதே வேலையைச் சின்ன அளவில் பார்த்துக் கொடுக்கிறேன். ஆன்லைனில் கிடக்கிற தரவை அலசுகிற இடத்துக்குக் கொண்டுவர இருக்கும் நாலு வழிகளையும் இந்த இரண்டு இடத்திலும் மாற்றி மாற்றி ஓட்டியாகிவிட்டது.

எது மலிவு, எது வேகம் என்றுதான் எல்லாரும் ஒப்பிட ஆரம்பிப்பார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். இப்போது முதலில் கேட்பது வேறு கேள்வி: இது கெட்டுப்போனால் எனக்கு எப்படித் தெரியவரும்?

கையால் இறக்குவது

திங்கட்கிழமை காலையில் கடைத் தளத்தின் நிர்வாகப் பக்கத்துக்குப் போய், போன வார ஆர்டர்களை சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளி போட்டுப் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) இறக்கி, எக்செல்லிலோ கூகுள் ஷீட்ஸிலோ ஒட்டுவது. காசு செலவில்லை, யாரையும் கேட்க வேண்டியதில்லை. இதைக் கேவலமாகப் பேசுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வாரம் அறுபது ஆர்டர் போகிற கடைக்கு இதுவே தாராளம்.

இதில் வருகிற கோளாறுகள் எல்லாம் கண்ணுக்கு முன்னால் நடக்கும். சிஎஸ்வியை இரட்டைச் சொடுக்கில் திறந்தால் தமிழ் முகவரிகள் தலையில் கொம்பு வைத்த லத்தீன் எழுத்துகளாக நிற்கும். எழுத்துகளைக் கணினியில் எண்களாக வைக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட். 'மதுரை' என்ற சொல்லில் உயிர்மெய்க் குறிகளையும் சேர்த்து ஐந்து குறி, ஆக 15 பைட். பழைய குறிமுறையில் எக்செல் அதைப் படித்தால் ஒவ்வொரு பைட்டும் தனி எழுத்தாகிவிடும். கோப்பை நேராகத் திறக்காமல் டேட்டா பக்கத்தின் வழியாக உள்ளே எடுத்து, குறிமுறைப் பட்டியலில் 65001 (யுடிஎஃப்-8) என்பதைத் தேர்ந்தால் சரியாக வரும். 91 சேர்த்த கைபேசி எண் அறிவியல் குறியீட்டில் சுருங்கிப்போவதும் இதே வகைதான். அதைவிட ஆபத்தானது கூரியர் எண். எக்செல் 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்திருக்கும். 16 இலக்க எண்ணின் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும், திரும்ப வராது. அந்தப் பத்தியை எழுத்து வகை என்று முன்னாடியே சொல்லிவைக்க வேண்டும்.

ஒரு தடவை பெரிதாக மாட்டினோம். ஓர் ஆர்டரில் மூன்று சேலை இருந்தால் எங்கள் கோப்பில் மூன்று வரி வரும். மொத்தத் தொகை முதல் வரியில் மட்டும் இருக்கும், மற்ற இரண்டிலும் அந்தக் கட்டம் காலி. கடைப் பையன் காலியாகக் கிடக்கிறதே என்று மேலே இருந்ததைக் கீழே இழுத்து நிரப்பிவிட்டான். 2,850 ரூபாய் ஆர்டர் 8,550 ஆனது. கடைக்காரர் அறிக்கையை ஒரு பார்வைதான் பார்த்தார்.

"ஏந்தம்பி, இம்புட்டு வித்திருந்தா நான் எதுக்கு இன்னும் இந்த ஓட்டை ஸ்கூட்டர்ல வர்றேன்?"

அப்படி ஒரே பார்வையில் பிடிபட்டது. இந்த வழியின் நிஜமான எல்லை அளவு. எக்செல் தாளில் 10,48,576 வரி. கூகுள் ஷீட்ஸில் மொத்தம் 1 கோடி கட்டம், அதாவது 40 பத்தி வைத்தால் 2.5 லட்சம் வரி. ஆனால் அந்த எல்லையைத் தொடுவதற்கு ரொம்ப முன்னாலேயே, திங்கட்கிழமை காலையில் செய்கிறவருக்குக் காய்ச்சல் வந்துவிடும்.

நாமே எழுதும் ஸ்கிரிப்ட்

எனக்குப் பிடித்த வழி இதுதான். என்னை அதிகமாக அவமானப்படுத்தியதும் இதுதான்.

கடைத் தளத்தின் ஏபிஐயை (நிரல்கள் நேராகத் தரவு கேட்டு வாங்கும் வாசல்) ராத்திரி ஒரு தடவை தட்டி, அன்றைய ஆர்டர்களை வாங்கி, கூகுள் பிக்குவெரி என்ற இணையத் தரவுக் கிடங்கில் போட ஒரு சின்ன நிரல். கூகுளின் ஆப்ஸ் ஸ்கிரிப்டிலேயே எழுதலாம், தனி சர்வர் வேண்டாம். ஒரு ஓட்டம் 6 நிமிடத்துக்குள் முடிய வேண்டும் என்பது மட்டும் அங்கே கட்டளை. பிக்குவெரியில் மாதம் 10 ஜிபி சேமிப்பும் 1 டிபி தேடலும் இலவசம். ஒரு சேலைக் கடை பத்து வருஷம் விற்றாலும் அதில் ஓரமாகத்தான் கிடக்கும். வங்கி அட்டை விவரம் கொடுக்காமல் பிக்குவெரியின் இலவசச் சோதனை இடமான சாண்ட்பாக்ஸிலேயே ஓட்டலாம் என்று நினைப்பவர்கள் இரண்டு விஷயத்தைத் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும்: அங்கே போடும் அட்டவணை 60 நாளில் தானாக அழிந்துவிடும், இருக்கிற வரியைத் திருத்தவும் முடியாது.

நான் எழுதியது எட்டு மாதம் அழகாக ஓடியது. அந்தத் தீபாவளி முடிந்து வரைபடத்தைப் பார்த்தால், மூன்று நாள் விற்பனைக் கோடு உச்சியில் போய் மேசை மாதிரி தட்டையாக நின்றது. முதல் நாள் 250 ஆர்டர். மறுநாள் 250. அதற்கும் மறுநாள் 250.

அந்த ஏபிஐ ஒரு பக்கத்துக்கு அதிகபட்சம் 250 ஆர்டர்தான் தரும். அதற்கு மேல் இருந்தால் அடுத்த பக்கத்துக்கான அடையாளம் சேர்ந்து வரும், அதை வைத்து மறுபடி கேட்க வேண்டும். நான் கேட்கவே இல்லை. சாதாரண நாளில் முப்பது, நாற்பது ஆர்டர் என்பதால் இரண்டாம் பக்கம் என்று ஒன்று இருப்பதே எனக்கு உறைக்கவில்லை. ஆப்ஸ் ஸ்கிரிப்ட் ஓட்டம் தோற்றால் மின்னஞ்சல் வரும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஓட்டம் தோற்கவில்லையே, அப்புறம் மின்னஞ்சல் எங்கிருந்து வரும்? கையால் இறக்கியபோது வந்த தப்பு கடைக்காரர் கண்ணில் பட்டது. இது யார் கண்ணிலும் படாமல் மூன்று நாள் ஓடியிருக்கிறது, அதுவும் வருஷத்தின் பெரிய மூன்று நாள்.

இன்னொன்று, திரும்பி வரும் சேலைகள். ஆர்டர் உருவான தேதியை வைத்து 'நேற்றையது மட்டும்' என்று கேட்டால், பத்து நாள் கழித்துத் திரும்பி வந்த சேலை நம் அட்டவணையில் விற்றதாகவே நிற்கும். கடைசியாகத் திருத்தப்பட்ட நேரத்தை வைத்துக் கேட்க வேண்டும். நான் இப்போது தினமும் கடைசி மூன்று நாளில் திருத்தப்பட்டதையெல்லாம் மறுபடி இழுக்கிறேன். ஆர்டர் எண் ஏற்கெனவே இருந்தால் வரியைத் திருத்து, இல்லாவிட்டால் புதிதாகச் சேர் என்று ஒரே கட்டளை. ஓர் ராத்திரி ஓட்டம் விட்டுப்போனாலும் மறுநாள் தானே ஈடாகிவிடும். இந்தத் திருத்தும் கட்டளைதான் சாண்ட்பாக்ஸில் ஓடாது.

பழைய கணக்கையும் சேர்த்து இழுக்க நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. ஷாப்பிஃபை என்ற ஆன்லைன் கடைத் தளத்தில் சாதாரண அனுமதியோடு ஏபிஐயில் கேட்டால் கடைசி 60 நாள் ஆர்டர்தான் வரும். எல்லா ஆர்டருக்கும் தனி அனுமதி வாங்க வேண்டும். போன வருஷ ஆடியோடு இந்த வருஷ ஆடியை ஒப்பிட உட்காரும் அன்றைக்குத்தான் பலருக்கு இது தெரியவருகிறது.

அலசும் தளமே இழுத்துக்கொள்வது

பவர் பிஐ, ஜோஹோ அனலிட்டிக்ஸ் மாதிரித் தளங்களில் வெளித் தரவை இழுத்துவரும் இணைப்பிகள் உள்ளேயே இருக்கின்றன. கடவுச்சொல் கொடுத்து, நேரம் குறித்தால் வேலை முடிந்தது. நிரல் எழுதத் தெரியாத கடைக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ஜோஹோவில் திட்டத்துக்கு இத்தனை வரி என்று அளவு, பவர் பிஐ புரோவில் நாளைக்கு 8 தடவை புதுப்பிக்கலாம். சேலைக் கடைக்கு ஒரு தடவை போதும்.

கெடும் விதம்? பவர் பிஐயில் புதுப்பிப்பு தொடர்ந்து 4 தடவை தோற்றால் புதுப்பிக்கக் குறித்த நேர அட்டவணையையே அது நிறுத்திவிடும். இரண்டு மாதம் யாரும் அறிக்கையைத் திறக்காவிட்டாலும் நிறுத்திவிடும். படமோ பழைய எண்ணோடு அதே பளபளப்பில் நிற்கும். எனவே அறிக்கையின் மேல் மூலையில் 'கடைசி ஆர்டர் வந்த நேரம்' என்று ஒரு பெட்டி வைப்பது என் வழக்கம். புதுப்பித்த நேரத்தைப் போடுவதில் பிரயோசனம் இல்லை. ஆர்டரே உள்ளே வராமல் புதுப்பிப்பு மட்டும் வெற்றி என்று காட்டும் நாள்களும் உண்டு.

இந்த வகையிலேயே ஒன்றை மட்டும் தயங்காமல் சொல்வேன். கடைத் தளத்துக்கு யார் வந்து போகிறார்கள் என்று கூகுள் அனலிட்டிக்ஸ் 4 வைத்திருந்தால், பிக்குவெரியோடு அதை இன்றைக்கே இணைத்துவிடுங்கள். சாதாரணக் கணக்குக்கு நாளொன்றுக்கு 10 லட்சம் நிகழ்வு (பக்கம் பார்த்தது, சொடுக்கியது மாதிரி) வரை போகும், இணைப்புக்குக் கட்டணம் இல்லை. இணைத்த நாளிலிருந்துதான் தரவு வரும், அதற்கு முந்தையது ஒருபோதும் வராது.

கூலிக்கு ஆள் வைப்பது

ஃபைவ்ட்ரான் மாதிரிச் சேவைகள் தரவை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோகும் குழாய்க்காரர் வேலை செய்கின்றன. பக்கம் புரட்டுவது, திருத்தப்பட்ட வரியைச் சேர்ப்பது, ஏபிஐ பதிப்பு மாறினால் ஈடுகொடுப்பது என்று நான் அவமானப்பட்டுக் கற்றதையெல்லாம் அவை ஏற்கெனவே கற்றிருக்கின்றன. ஃபைவ்ட்ரானின் அளவுகோல் மாதத்தில் சேர்ந்த அல்லது மாறிய வரிகள். ஒரு வரி அந்த மாதத்தில் பத்து தடவை மாறினாலும் ஒன்றாகத்தான் எண்ணுவார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓர் ஆர்டர் என்பது ஒரு வரி இல்லை. சேலைக்கு ஒரு வரி, வரிக்கு ஒரு வரி (ஜிஎஸ்டியைச் சொல்கிறேன்), தள்ளுபடிக்கு ஒன்று, பணம் வந்ததற்கு ஒன்று, அனுப்பியதற்கு ஒன்று. இதே வகைச் சேவை ஒன்றை ஒரு மாதம் வைத்துப் பார்த்தோம். தேவையில்லாத அட்டவணைகளை அணைக்க மறந்தது நான்தான். டாலரில் வந்த தொகையை ரூபாயாக்கிச் சொன்னதும் கடைக்காரர் பேசாமல் எழுந்து டீ சொல்லப் போனார்.

ஏர்பைட்டும் இதே வேலைதான் செய்யும், மூல நிரல் வெளிப்படையாகக் கிடைக்கும் மென்பொருள், நம் கணினியிலேயே இலவசமாக ஓட்டலாம். கடையின் பழைய கணினியில் நிறுவினேன். 8 ஜிபி நினைவகம் இருந்தால்தான் அது மூச்சுவிடும். அடிக்கடி நடக்கும் தொல்லை அது இல்லை, பராமரிப்பு என்று காலை ஒன்பதிலிருந்து சாயந்திரம் ஐந்து வரை கரண்ட் போகும் நாள். அன்றைக்குக் கணினி அணையும், யாராவது எழுப்பிவிட்டால்தான் உண்டு. மென்பொருள் இலவசம்தான், ஆனால் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும்.

பூக்கடையில் தெரிந்த ஐந்தரை மணி

பூ வியாபாரம் விடிவதற்குள் சூடு பிடித்துவிடும். கல்யாணக் கூடங்களும் வெளியூர்க் கடைகளும் அதிகாலை மூன்று, நாலு மணிக்கே நண்பரின் தளத்தில் ஆர்டர் தட்டிவிடுவார்கள். ஏபிஐகள் பலவும் நேரத்தை உலகப் பொது நேரத்தில் தருகின்றன, நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். வெள்ளிக்கிழமை அதிகாலை 4:00 மணி ஆர்டர் அங்கே வியாழன் இரவு 10:30.

"என்னண்ணே, வெள்ளிக்கிழமை முகூர்த்தத்துக்குப் போன மல்லி வியாழக்கிழமைல நிக்குது? வியாழக்கிழமை எவன் இம்புட்டுப் பூ கேட்டான்?" என்று அவர் கேட்டபோதுதான் எனக்கே உறைத்தது. சேலைக் கடையிலும் அதே தப்பு நாலு வருஷமாக இருந்திருக்கிறது. விடியற்காலையில் யார் சேலை வாங்குகிறார்கள்? அதனால் தெரியவில்லை. நாலு வழியிலும் இது வரும். பவர் பிஐயின் இணையச் சேவையில் 'இன்று' என்று கேட்டால்கூட உலகப் பொது நேரத்தின் இன்றுதான் கிடைக்கும். வந்த நேரத்தை அப்படியே ஒரு பத்தியிலும், நம் நேரத்துக்கு மாற்றியதைப் பக்கத்துப் பத்தியிலும் வைக்கிறேன்.

இப்போது என்ன ஓடுகிறது

பூக்கடை கையால் இறக்குவதிலேயே இருக்கிறது, மாற்றச் சொல்ல மாட்டேன். மார்கழிப் பனியில் வரத்து குறைந்து விலை ஏறும்போது அவருக்கு வேண்டியது அன்றன்றைய எண்தான், ஐந்து வருஷ வரைபடம் இல்லை. சேலைக் கடைக்கு ஸ்கிரிப்ட், பக்கம் புரட்டத் தெரிந்த ஸ்கிரிப்ட். வாடிக்கையாளரின் கைபேசி எண்ணையும் வீட்டு முகவரியையும் அது எடுப்பதே இல்லை. பின்கோடு மட்டும் போதும். 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தபிறகு, தேவையில்லாததைச் சேர்த்துவைக்க எனக்குப் பயம். தினம் ஐந்நூறு, ஆயிரம் ஆர்டர் போய், மூன்று நாலு தளங்களில் விற்கிற கடையாக இருந்தால் கூலிக்காரக் குழாயையே எடுத்திருப்பேன், தேவையில்லாத அட்டவணைகளை முதல் நாளே அணைத்துவிட்டு.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு காவல் வைத்திருக்கிறோம். கடைக்காரர் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு. ராத்திரி கடை சாத்தும்போது அன்றைய ஆன்லைன் ஆர்டர் எண்ணிக்கையைத் தன் கையால் எழுதுவார். காலையில் என் அறிக்கை அவருக்குப் போகும். போன வாரம் பத்து மணிக்குப் போன் வந்தது.

"தம்பி, நீங்க 41ன்னு போட்டிருக்கீங்க. நோட்டுல 42 இருக்கு."

ஸ்கிரிப்டின் பதிவேட்டைப் பார்த்தேன், சரி. பக்கம் புரட்டியதா, சரி. ஐந்தரை மணி நேரக் கணக்கு, சரி. ஏபிஐயில் கையால் கேட்டேன், 41. சிஎஸ்வி இறக்கினேன், அதிலும் 41. கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் போனது. திரும்பக் கூப்பிட்டு அந்த 42ஐ ஒவ்வொன்றாகப் படிக்கச் சொன்னேன். முப்பத்தெட்டாவதில் நிறுத்தினார்.

"இது நம்ம காரைக்குடி அக்கா போன்ல சொன்னது. தளத்துல இன்னும் ஏத்தலையே தம்பி."