பழைய மெட்ராஸ் படம் விற்கும் கடை: வாங்கலாம், ஆனால் சொல்லி வாங்குங்கள்

மயிலாப்பூரில் மாட வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் பழைய மெட்ராஸ் ஓவியங்களைப் பிரின்ட் எடுத்து ஃப்ரேம் போட்டு விற்கும் சின்னக் கடை ஒன்று இருக்கிறது. பெயரைப் போடவில்லை. கீழே நான் புலம்பப்போகும் விஷயங்களை இதே வியாபாரம் செய்யும் மற்ற இடங்களிலும் பார்த்துவிட்டேன், அதனால் இந்த ஒருத்தரை மட்டும் இழுத்துப் பிடித்து அடிப்பது நியாயமில்லை. தவிர, கடைசியில் என் வீட்டு ஹாலில் தொங்கும் படம் இவர் போட்டுக் கொடுத்ததுதான், அதில் எனக்கு முழுத் திருப்தி. அந்தத் திருப்தி வரைக்கும் போய்ச் சேருவதற்குத்தான் கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது.

உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுவது பழுப்பு. சுவர் முழுக்கப் பழுப்பு. டீயில் ஊறவைத்து எடுத்த மாதிரி ஒவ்வொரு படமும். கடைக்காரரிடம் கேட்டேன். "பழசுன்னா இப்படித்தான் சார் இருக்கணும், கஸ்டமர் அதைத்தான் கேக்கறாங்க" என்றார். கேட்கிறார்கள்தான், நம்புகிறேன். ஆனால் பழுப்பு நிறம் பழைய ஃபோட்டோவின் அடையாளம், ஓவியத்தின் அடையாளம் கிடையாது. இவர் விற்பதில் முக்கால்வாசி ஃபோட்டோ என்ற ஒன்று பிறப்பதற்கு முன்னால் வந்தவை. ஐரோப்பாவில் டாகேர் தன் ஃபோட்டோ முறையை வெளியிட்டதே 1839-ல்தான். இன்னும் வேடிக்கை, 1850-களின் தொடக்கத்தில் ஃபீபிக் என்பவர் மெட்ராஸை ஃபோட்டோ பிடித்தபோது அந்தப் பிரதிகளின் மேல் கையால் வண்ணம் பூசினார். ஆக, ஃபோட்டோ எடுத்தவரே கலர் வேண்டும் என்று மெனக்கெட்டிருக்கிறார், நாம் கலரில் இருந்த ஓவியத்தைப் பிடித்துப் பழுப்பாக்கிக் கொண்டிருக்கிறோம்.

நான் தேடிப் போனது டேனியல்கள் வரைந்த கோட்டைப் படம். தாமஸ் டேனியல், அவருடைய சகோதரர் மகன் வில்லியம், இந்த இரண்டு பேரும் 1786-ல் கல்கத்தாவில் வந்து இறங்கி, 1792-ல் மெட்ராஸுக்கு வந்து, இங்கிருந்து தெற்கே நெடுந்தூரம் சுற்றிவிட்டு, ஊர் திரும்பிய பிறகு 1795-லிருந்து 1808 வரை மொத்தம் 144 படங்களை வெளியிட்டார்கள். அதில் மெட்ராஸ் படங்களும் உண்டு. தென்கிழக்கிலிருந்து பார்த்த புனித ஜார்ஜ் கோட்டை, கோட்டையின் மேற்கு வாசல், இந்தியர்கள் குடியிருந்த பிளாக் டவுனின் ஒரு பகுதி, பரங்கிமலைப் பக்கம் இருந்த ஆர்மீனியன் பாலம், ரேஸ் மைதானத்து அசெம்பிளி ரூம்ஸ் என்று. செம்புத் தகட்டில் பிசின் பொடி தூவி, அமிலத்தில் அரிக்க விட்டு, அச்செடுத்து, அப்புறம் கையால் வண்ணம் ஏற்றிய படங்கள். அக்வாடின்ட் என்பார்கள். வானத்தில் மேகம் திட்டுத் திட்டாக இல்லாமல் நீர்வண்ணம் போலவே கரைந்து போவது அந்த முறையால்தான்.

கோட்டைப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கோட்டைக்குத் தெற்கே கடற்கரை மணலில் நின்று பார்க்கிற காட்சி. வலப்பக்கம் பெரிதாகத் தெரிவது அன்றைக்குப் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த எக்ஸ்சேஞ்ச் கட்டடம், அதாவது இன்றைய கோட்டை அருங்காட்சியகம். உயரமாக நிற்பது புனித மேரி தேவாலயம். சுவர் எல்லாம் பளீர் வெள்ளை. கிளிஞ்சலைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பை அரைத்துப் பூசி, மெருகேற்றி, சலவைக்கல் மாதிரி மின்ன வைப்பது மெட்ராஸ் கொத்தர்களின் கைவரிசை. கப்பலில் வந்த வெள்ளைக்காரர்கள் ஆளாளுக்கு வாயைப் பிளந்து எழுதிவைத்தது அந்த வெள்ளையைப் பற்றித்தான். டேனியல்களுக்கு முன்பே, 1780-ல் இங்கே வந்த ஓவியர் வில்லியம் ஹாட்ஜஸுக்கு இந்த ஊரைக் கடலிலிருந்து பார்த்ததும் பழைய கிரேக்க நகரம் ஒன்று ஞாபகத்துக்கு வந்திருக்கிறது. இப்போது அந்த வெள்ளைக்கு மேல் பழுப்பை ஏற்றினால் என்ன மிச்சம்? ஊறிப்போன காம்பவுண்டுச் சுவர்.

பழுப்பையாவது "வேண்டாம்" என்று சொன்னால் எடுத்துவிடுகிறார். அடுத்தது வெட்டு. இதுதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்த இடம். கடையில் ரெடிமேட் ஃப்ரேம்கள் குறிப்பிட்ட அளவுகளில்தான் இருக்கின்றன, படம் அதில் உட்காரவில்லை என்றால் கேட்காமலேயே மேலே கீழே நறுக்கிவிடுகிறார்கள். எனக்கு முதலில் வந்த பிரின்ட்டில் கோட்டை ஜம்மென்று நடுவில் இருந்தது, கீழே இருந்த அலையையும் படகையும் பாதிக்கு மேல் காணோம். படத்தின் உயிரே அங்கேதானே இருக்கிறது! அன்றைக்கு மெட்ராஸுக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் எல்லாம் தள்ளி ஆழக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும், கரைக்கும் கப்பலுக்கும் நடுவே அந்த முரட்டு அலையைத் தாண்டி ஆளையும் சரக்கையும் கொண்டுபோனவை மசூலாப் படகுகள். பலகைகளை ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த படகு. ஆணி அடித்த படகு தரை தட்டினால் பிளந்துவிடும், இது கொஞ்சம் வளைந்து கொடுக்கும், அதனால் பிழைக்கும். அதற்குப் பக்கத்தில் கட்டுமரங்கள், கடிதத்தையும் சின்னச் சின்னப் பொட்டலங்களையும் கப்பலுக்கு எடுத்துப் போக. இதெல்லாம் படத்தில் சும்மா அழகுக்கு இருப்பவை இல்லை. கவர்னர் இருந்த சுவர் முழுசாக வேண்டும், துடுப்பு போட்ட நம்மாள் மட்டும் ஃப்ரேமுக்கு அதிகப்படி என்றால் எப்படி?

இன்னொன்றும் அந்த வெட்டில் போய்விடுகிறது. கடல் எவ்வளவு கிட்டத்தில் இருந்தது என்பது. இன்று கோட்டைக்கு முன்னால் ராஜாஜி சாலை ஓடுகிறது, அதைத் தாண்டித்தான் மற்றதெல்லாம். 1870-களில் துறைமுகத்துக்குக் கல் கொட்ட ஆரம்பித்தார்கள், தெற்கிலிருந்து வடக்கே நகர்கிற மணல் அங்கே முட்டிக்கொண்டு தெற்குப் பக்கம் சேர்ந்துகொண்டே போனது, வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரித்தது. நாம் சுண்டல் தின்கிற மெரினா மணலில் பெரும்பகுதி அப்படிச் சேர்ந்தது. இதைப் பாடம் மாதிரி சொன்னால் என் பையன் கொட்டாவி விடுவான். முழுப் படத்தை மாட்டியதும் அவனே வந்து "கோட்டைகிட்ட ஏன்ப்பா அலை அடிக்குது?" என்று கேட்டான்.

சரி, லேபிள் விஷயத்துக்கு வருகிறேன். ஜான் வான் ரைன் என்பவர் செதுக்கி 1754-ல் லண்டனில் வெளியான ஒரு கோட்டைப் படம் இருக்கிறது. அதன் அடியிலேயே இது இன்ன இடம் என்று அச்சடித்திருக்கும். கடையில் அந்த வரியை வெட்டிவிட்டு, பித்தளைக் கலரில் ஒரு பட்டை ஒட்டி, "மெட்ராஸ், 1639" என்று போட்டிருக்கிறார்கள். 1639 ஆகஸ்டில் நிலத்துக்கு அனுமதிதான் கிடைத்தது சாமி, கோட்டை கட்ட ஆரம்பித்ததே அடுத்த வருஷம். மெட்ராஸ் தினத்துக்கு எல்லோரும் அந்த வருஷத்தையே சொல்கிறார்களே என்று எல்லாப் படத்துக்கும் அதையே ஒட்டிவிட்டார்கள் போல.

வருஷத்தை விடுங்கள். எந்தப் படத்தை எவ்வளவு நம்பலாம் என்பதைக் கடையில் யாரும் சொல்வதில்லை, சொன்னால் விற்பனை குறையாது, கூடும் என்றே நினைக்கிறேன். ஜார்ஜ் லாம்பர்ட், சாமுவேல் ஸ்காட் இரண்டு பேரும் சேர்ந்து 1731, 32 வாக்கில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக வரைந்த கோட்டை எண்ணெய் ஓவியமும் இங்கே கிடைக்கிறது. ஒருவர் நிலத்தைப் போட்டார், மற்றவர் கப்பலைப் போட்டார். இரண்டு பேருமே இந்தியாவுக்கு வந்ததில்லை! லண்டனில் உட்கார்ந்து, முன்னால் யாரோ போட்ட வரைபடங்களை வைத்துக்கொண்டு செய்த வேலை. அழகான படம், கப்பல்கள் பிரமாதம், ஆனால் அதைக் காட்டி "அந்தக் காலத்தில் இந்த இடத்தில் இது இருந்தது" என்று யாரிடமும் பந்தயம் கட்டாதீர்கள். டேனியல்கள் நேரில் வந்தவர்கள். கேமரா அப்ஸ்க்யூரா என்ற இருட்டுப் பெட்டி ஒன்றைக் கூடவே வைத்திருந்தார்கள். லென்ஸ் வழியாகக் காட்சி காகிதத்தில் விழும், அதன்மேல் பென்சிலால் கோடு இழுத்துக்கொள்ள வேண்டியதுதான். அதனால் கட்டட அளவுகள் பெரும்பாலும் ஒப்புக்கொள்ளும்படி இருக்கும்.

அந்தப் பிளாக் டவுன் படத்தையும் கேட்டு வாங்குங்கள், ஸ்டாக்கில் அடியில் போட்டு வைத்திருக்கிறார். பழைய பிளாக் டவுன் இன்றைய உயர்நீதிமன்றம் இருக்கும் இடத்தில், கோட்டைச் சுவரை ஒட்டி இருந்தது. 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்து, 1749-ல் திருப்பிக் கொடுத்த பிறகு, இனி எதிரி வீடுகளுக்குப் பின்னால் ஒளிந்து சுடக்கூடாது என்று அந்த ஊரையே இடித்து வெட்டவெளியாக்கினார்கள். சென்னகேசவப் பெருமாள் கோயிலும் அப்படிப் போனதுதான், பிறகு பூக்கடையில் புதிதாகக் கட்டிக் கொடுத்தார்கள். டேனியல்கள் பார்த்தது தள்ளிப்போய் எழும்பிய புது ஊரை, அதாவது இன்றைய ஜார்ஜ் டவுனை. ஜார்ஜ் டவுனில் பொழுதைக் கழிக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல பரிசு இல்லை. சைதாப்பேட்டைக்காரர்களுக்கு ஆர்மீனியன் பாலம்: அடையாற்றின் மேல் 1726-ல் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வியாபாரி தன் காசில் கட்டியது, இன்றைய மறைமலை அடிகள் பாலத்துக்கு முன்னோடி.

கடையில் இல்லாத குறை, கான்ட்ஸ் அப்பாவும் பிள்ளையும். ஜான், ஜஸ்டினியன் கான்ட்ஸ் இங்கேயே குடியிருந்து 19-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் தோட்ட பங்களாக்களை நீர்வண்ணத்தில் போட்டவர்கள், லித்தோ, அதாவது கல்லச்சு அச்சகமும் வைத்திருந்தார்கள். கப்பலில் வந்து போனவர் பார்வையில் ஊர் என்றால் கோட்டையும் கடலும்தான், இவர்கள் படத்தில் வீடு வரும். சொல்லிவிட்டு வந்திருக்கிறேன், தேடிப் பார்க்கிறேன் என்றார்.

எப்படி வாங்குவது? கேன்வாஸ் வேண்டாம். துணியின் நெசவு மேலே தெரிந்து அக்வாடின்ட்டின் நுணுக்கத்தை முழுங்கிவிடும், அதற்கு மேல் ஒரு பளபளப்புக் கோட்டிங் வேறு. பளபளப்பில்லாத மேட் காட்டன் பேப்பர் கேளுங்கள், வைத்திருக்கிறார், கேட்டால்தான் எடுப்பார். ஃபைலைக் கம்ப்யூட்டரில் திறந்து, படகுக்காரர்கள் இருக்கும் இடத்தைப் பெரிதாக்கிக் காட்டச் சொல்லுங்கள். கட்டம் கட்டமாக உடைந்தால் வேறு ஃபைல் கேளுங்கள். பெரிய நூலகங்கள் இந்தப் படங்களை இணையத்தில் நல்ல தரத்தில் போட்டிருக்கின்றன, நீங்களே பென் டிரைவில் கொண்டுபோனாலும் போட்டுத் தருகிறார். படத்தை வெட்டாமல் சுற்றி மவுண்ட், அதாவது அட்டை ஓரம், விட்டு ஃப்ரேம் செய்யச் சொல்லுங்கள். மவுண்ட் இருந்தால் காகிதம் கண்ணாடியில் ஒட்டாது, நம்ம ஊர் ஈரக் காற்றுக்கு அது ரொம்ப முக்கியம், இல்லாவிட்டால் ரெண்டு மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்துவிடும்.

மூலப் படத்தின் அளவுக்கு, அதாவது ரெண்டடி அகலத்துக்கு, பேப்பர் பிரின்ட், மவுண்ட், தேக்கு ஃப்ரேம் எல்லாம் சேர்த்து 3,400 ரூபாய் ஆனது. வெட்டிப்போன முதல் பிரின்ட்டுக்குக் காசு கேட்கவில்லை, முகம் கோணாமல் மாற்றிக் கொடுத்தார், அதைச் சொல்லியாக வேண்டும். அவ்வளவு செலவு எதற்கு என்று நினைப்பவர்கள் கோட்டை அருங்காட்சியகத்துக்கே போய் டேனியல் படங்களை நேரில் பார்க்கலாம், வெள்ளிக்கிழமை மட்டும் போகாதீர்கள், விடுமுறை. கடைக்குப் போவதென்றால் ஆகஸ்ட் வேண்டாம். மெட்ராஸ் வாரத் தள்ளுபடி என்று போர்டு வைப்பார்கள், ஆனால் அது ரெடிமேட் பழுப்புச் சரக்குக்கு மட்டும்தான், அந்தக் கூட்டத்தில் ஆர்டர் சொல்லி வேலை வாங்கவும் முடியாது.