ஹென்றி கிளே நோட்ஸ்: வாங்கலாம், திருத்திப் படிக்கணும்

ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் எம்.ஏ. வரலாறு மாணவர்களுக்கான அமெரிக்க வரலாற்று நோட்ஸ் கிடைக்கிறது. அதில் 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்க அரசியல்வாதி ஹென்றி கிளே பற்றிய பிரதி 48 பக்கம், 60 ரூபாய். விலைக்குப் பழுதில்லை. ஆனால் அப்படியே மனப்பாடம் பண்ணினால் மார்க் போகும்.

1824 ஜனாதிபதி தேர்தல் பகுதிக்காகவே வாங்கலாம். தேர்வாளர் (ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்க மாநிலவாரியாக நியமிக்கப்படுபவர்) ஓட்டு ஜாக்சனுக்கு 99, ஆடம்ஸுக்கு 84, கிராஃபோர்டுக்கு 41, கிளேக்கு 37. பெரும்பான்மைக்கு 131 வேண்டும், யாருக்கும் இல்லை. அமெரிக்க அரசியல் சட்டத்தின் 12-வது திருத்தப்படி முதல் மூவர் மட்டுமே பிரதிநிதிகள் சபைக்குப் போகலாம். நாலாமிடத்து கிளே போட்டியிலிருந்து விழுந்தார், ஆனால் அந்தச் சபையின் சபாநாயகரே அவர்தான்! மாநிலத்துக்கு ஒரு ஓட்டு என்ற கணக்கில் ஆடம்ஸ் 13 பெற்று ஜெயித்ததும், கிளேயை வெளியுறவு அமைச்சராக்கியதும், ‘ஊழல் பேரம்’ என்ற பழி ஒட்டிக்கொண்டதும் கோர்வையாக இருக்கிறது.

அடுத்த பக்கத்திலேயே சறுக்கல். கிளே ஜாக்சனின் அமைச்சர் என்று அச்சாகியிருக்கிறது. 1825 முதல் 1829 வரை ஆடம்ஸிடம்தான் இருந்தார். ஜாக்சன் அவருக்கு ஜென்ம எதிரி. அடிமைமுறைத் தகராறைத் தணிக்க வந்த 1850 சமரசத்தை கிளேயே நிறைவேற்றியதாகச் சொல்வதும் தப்பு. எல்லாவற்றையும் ஒரே மசோதாவாகக் கட்டியதால், ஒவ்வொரு பகுதியின் எதிரிகளும் ஒன்றுசேர்ந்து செனட்டில் கவிழ்த்துவிட்டார்கள். செனட்டர் டக்ளஸ்தான் தனித்தனி மசோதாவாகப் பிரித்து, பகுதிக்கொரு பெரும்பான்மை பிடித்து நிறைவேற்றினார். பத்து மார்க் கேள்வியில் இந்தக் காரணம்தான் விடையின் உயிர்.

1844 ஜனாதிபதி தேர்தலை ‘தோற்றார்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். தேர்வாளர் ஓட்டு எதிராளி போல்க்குக்கு 170, கிளேக்கு 105. நியூயார்க்கின் 36 மட்டும் மாறியிருந்தால் 141-க்கு 134 என்று கிளே ஜனாதிபதி. அங்கே சுமார் 5,000 ஓட்டில்தான் கோட்டைவிட்டார். அடிமை எதிர்ப்பு லிபர்ட்டி கட்சி பிரித்ததோ 15,000-க்கு மேல். ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

1820 மிசௌரி சமரச வரைபடத்தில், அடிமைமுறைக்கு எல்லை வகுத்த 36°30′ அட்சக்கோடு நகலுக்கு நகல் எடுத்து மங்கிவிட்டது. மிசௌரி அந்தக் கோட்டுக்கு வடக்கே இருந்தும் அடிமை மாநிலமாகச் சேர்ந்த விதிவிலக்கு அதனால் கண்ணுக்கே படாது. பணம் கொடுக்கும் முன் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள்.

கம்பி ஸ்பைரல் வேண்டாம். மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் உப்புக்காற்றில் துருப்பிடித்து ஓரமெல்லாம் கறையாகும். பக்கம் திருப்பினால் துளை கிழியும். பிளாஸ்டிக் ஸ்பைரல் கேட்டால் போட்டுத் தருகிறார்கள்.