ஏழைத் தொழிலாளியின் வம்சத்தைத் தேட 3 பவுண்டு போதும்: ஜி.ஆர்.ஓ. டிஜிட்டல் நகல் சேவை

விக்டோரியா காலத்து மூதாதையரைத் தேடத் தொடங்கும் பலரும் முதல் வேலையாகப் பெரிய வம்சாவளித் தளம் ஒன்றுக்கு ஆண்டுச் சந்தா கட்டிவிடுகிறார்கள். நிலமோ உயிலோ விட்டுச் செல்லாத கூலிக் குடும்பத்தைத் தேடுகிறவர்கள் அந்தப் பணத்தைப் பிறகு கட்டிக்கொள்ளலாம். முதலில் போக வேண்டியது இங்கிலாந்து, வேல்ஸ் ஜெனரல் ரிஜிஸ்டர் ஆபீஸின் (சுருக்கமாக ஜி.ஆர்.ஓ.) இணையதளத்துக்கு. 1837 ஜூலை முதலான பிறப்பு, இறப்புப் பதிவுகள் அவர்களிடம் இருக்கின்றன. அந்தப் பதிவுகளைப் படமாகத் தரும், 2023இல் அவர்கள் தொடங்கிய டிஜிட்டல் நகல் சேவைக்குத் தயங்காமல் ஐந்து நட்சத்திரம் கொடுப்பேன்.

நான் தேடியது என் மாமியாரின் கொள்ளுத்தாத்தாவை. கிழக்கு லண்டனில் பாப்லர் பகுதியில் வாழ்ந்தவர். மாமியார் ஆங்கிலேயர், குடும்பப் பெயரை எங்கும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் எழுதவில்லை. கொள்ளுத்தாத்தாவைப் பற்றி அந்த வீட்டில் வழிவழியாகச் சொல்லிவந்தது இவ்வளவுதான்: துறைமுகத்தில் மூட்டை தூக்கினார், நான்கு பிள்ளைகள். 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் நான்கு பிள்ளைகள்தான். ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தளத்தில் அதை இலவசமாகப் பார்க்கலாம்.

ஆனால் கணக்கெடுப்பு பத்தாண்டுக்கு ஒருமுறை வருவது. இரண்டு கணக்கெடுப்புகளுக்கு நடுவே பிறந்து இறந்துபோன குழந்தை அதில் எங்குமே இராது. இந்த இடத்தில்தான் ஜி.ஆர்.ஓ. அட்டவணை கைகொடுக்கிறது. பழைய அச்சு அட்டவணைகளில் 1911 வரை தாயின் பிறந்த வீட்டுப் பெயர் கிடையாது. இந்த இணைய அட்டவணையில் 1837 முதலே இருக்கிறது. இறந்தவரின் வயதும் அப்படியே. கணக்குத் தொடங்கிவிட்டால் தேடுவதற்குக் கட்டணம் இல்லை. ஒரு தேடலில் முன்பின் 2 ஆண்டுகள்தான் பார்க்கலாம், ஆண் பெண் தனித்தனியாகத் தேட வேண்டும் என்பது மட்டும் சற்று அலுப்பு. 20 ஆண்டுத் தாம்பத்தியத்தை அலசி முடிக்க எட்டுத் தேடல்கள் ஆகும்.

கணவன் குடும்பப் பெயர், மனைவியின் பிறந்த வீட்டுப் பெயர் இரண்டையும் கொடுத்துத் தேடியதில் பாப்லர் மாவட்டத்தில் ஏழு பிறப்புகள் வந்தன. நான்கு அல்ல, ஏழு. மற்ற மூவரையும் இறப்பு அட்டவணையில் தேடிப் பிடித்து நகல் வாங்கினேன். நான் வாங்கியபோது ஒரு நகல் 3 பவுண்டு. காகிதச் சான்றிதழ் என்றால் 12.50 பவுண்டு. பணம் கட்டியதும் படம் நம் கணக்கிலேயே வந்துவிடுகிறது. சட்டபூர்வமான தேவை எதற்கும் இந்த நகல் செல்லாது. குடும்ப வரலாறு எழுதுவதற்கு அந்த முத்திரை நமக்கு எதற்கு?

1874இல் தட்டம்மையில் ஒரு பெண் குழந்தை, வயது இரண்டு. 1878 ஆகஸ்டில் வயிற்றுப்போக்கில் ஒன்பது மாத ஆண் குழந்தை. 1886இல் வலிப்பு வந்து இன்னொரு ஆண் குழந்தை. மூன்றிலும் தகவல் தந்தவர் தாய். கையெழுத்து இருக்க வேண்டிய கட்டத்தில் பெயருக்கு நடுவே ஒரு பெருக்கல் குறி, அதைச் சுற்றி 'இன்னாரின் அடையாளம்' என்ற சொற்கள். அதை அவளே போட்ட குறி என்று எண்ணிவிடக் கூடாது. உள்ளூர்ப் பதிவாளர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரதி எடுத்து அனுப்பியவைதான் இந்தப் படங்கள். குறியும் எழுத்தர் கையால் எழுதியதே. ஆனாலும் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தாய் மூன்று முறை அந்த மேசை முன் போய் நின்றாள் என்பது இதைப் பார்த்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. மாமியார் திரையைப் பார்த்தபடி வெகுநேரம் பேசவே இல்லை. பிறகு அந்த மூன்று பெயர்களையும் குடும்ப பைபிளில் எழுதி வைத்தார்.

பிறப்பு நகல்களை வேறு காரணத்துக்காக வாங்க வேண்டும். ஒவ்வொன்றிலும் தேதியிட்ட முகவரியும் தந்தையின் தொழிலும் இருக்கின்றன. 1867இல் பொதுக்கூலி, 1872இல் நிலக்கரி சுமப்பவர், 1875 முதல் துறைமுகக் கூலி. ஏறக்குறைய ஒவ்வொரு பிரசவத்துக்கும் ஒரு வீடு. கடைசிப் பிள்ளை பிறந்த தெருவை சமூக ஆய்வாளர் சார்லஸ் பூத்தின், ஒவ்வொரு தெருவின் வசதியையும் நிறத்தால் காட்டும் 1889 வறுமை வரைபடத்தில் தேடினேன். லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் அதை இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. தெருவுக்கு இளநீலம். அதாவது, நடுத்தர அளவுக் குடும்பத்துக்கு வாரம் 18 முதல் 21 ஷில்லிங் வரும் ஏழைகள். அதே 1889இல்தான் துறைமுகத் தொழிலாளர்கள் ஆகஸ்ட் முதல் செப்டம்பர் வரை வேலைநிறுத்தம் செய்து, மணிக்கு 5 பென்ஸாக இருந்த கூலியை 6 பென்ஸாக உயர்த்தினார்கள். கொள்ளுத்தாத்தாவும் அதில் நின்றாரா என்று எந்தப் பதிவும் சொல்லாது. நின்றிருப்பார் என்றே நான் நம்புகிறேன்.

சேவைக்கு எல்லைகள் உண்டு. இறப்பு நகல்கள் 3 பவுண்டு விலையில் 1887 வரைக்கும்தான். அதற்குப் பிந்தையவற்றுக்கு 8 பவுண்டு பி.டி.எஃப் வாங்க வேண்டும், சில நாட்கள் ஆகும். திருமணப் பதிவு படமாகக் கிடைக்காது. அதற்கு ஜி.ஆர்.ஓ.விடம் போகாதீர்கள். தேவாலயத்தில் நடந்த திருமணம் என்றால் லண்டன் ஆவணக் காப்பகத்தில் உள்ள தேவாலயப் பதிவேடுகளைப் பாருங்கள். மணமக்களின் அசல் கையெழுத்தோ குறியோ அதில்தான் இருக்கும். இன்னொன்று: 1875க்கு முன் பிறப்பைப் பதியும் பொறுப்பு பெற்றோர் மீது இறுக்கமாக இல்லாததால், சில குழந்தைகள் அட்டவணையிலேயே இல்லாமல் போயிருக்கலாம். ஞானஸ்நானப் பதிவையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

கொள்ளுத்தாத்தாவின் இறப்புக்கு அந்த 8 பவுண்டைக் கொடுத்தேன். 1893, மூச்சுக்குழல் அழற்சி, வயது 52. இறந்த இடம், பாப்லர், ஸ்டெப்னி ஆகிய இரு பகுதிகளின் ஏழைகளுக்கான நோயாளர் விடுதி. தகவல் தந்தவர் விடுதி ஊழியர், குடும்பத்தார் அல்ல. பாப்லர் ஏழைகள் வாரியத்தின் ஆவணங்களும் கிளெர்க்கன்வெல்லில் உள்ள அதே லண்டன் காப்பகத்தில்தான் இருக்கின்றன. வாசகர் அட்டை இலவசம். அடுத்து நானும் மாமியாரும் அங்கேதான் போகிறோம்.