செய்திக்குறிப்பு எழுதக் கற்பவர்களுக்கு வேபேக் மெஷின்: மூன்று வருட வகுப்பறை அனுபவம்

"1975 முதல் உங்கள் சமையலறையில்" என்று கோவை வெட் கிரைண்டர் கம்பெனி ஒன்றின் இணையதளத்தில் முகப்பிலேயே போட்டிருந்தார்கள். என் மாணவி ஒருத்தி அதை அப்படியே எடுத்து, பயிற்சிக்காக எழுதிய செய்திக்குறிப்பின் முதல் வரியாக்கிவிட்டாள். அரை நூற்றாண்டு நிறைவு என்பது நல்ல செய்திதான். நானாக இருந்தாலும் அதைத்தான் மேலே வைத்திருப்பேன். "சரிம்மா, இதே கம்பெனி 15 வருஷத்துக்கு முன்னாடி தன்னைப் பத்தி என்ன சொல்லியிருக்குன்னு பார்த்துட்டு வா" என்றேன். இணையப் பக்கங்களின் பழைய படிகளைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் 2009ஆம் ஆண்டுப் பக்கத்தைத் திறந்தாள். அதில் "1982இல் தொடங்கப்பட்ட எங்கள் நிறுவனம்" என்று இருந்தது.

சென்னையில் 17 வருடம் பி.ஆர். ஏஜென்சிகளில் வேலை பார்த்துவிட்டு, இப்போது ஒரு கல்லூரியில் மக்கள் தொடர்புப் பாடம் எடுக்கிறேன். தகவலைச் சரிபார்ப்பது நிருபரின் வேலை, கிளையன்ட் கொடுத்ததை அழகாக எழுதுவது நம் வேலை என்ற நினைப்போடுதான் பிள்ளைகள் வகுப்புக்கு வருகிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். 2011இல் ஒரு மருத்துவமனைக்காக, "தென்னிந்தியாவிலேயே முதல் முறையாக" என்று ஒரு கருவியைப் பற்றி எழுதி அனுப்பினேன். மாலை ஒரு நாளிதழிலிருந்து போன் வந்தது. "மேடம், இதே மெஷின் மதுரையில ரெண்டு வருஷமா ஓடுது. நீங்க பார்க்கலையா?" என்று நிதானமாகத்தான் கேட்டார் அந்த உதவி ஆசிரியர். அதன்பிறகு வெகுநாள் என் பெயரில் போன ஒவ்வொரு குறிப்புக்கும் அவர் போன் செய்து கேட்டுவிட்டுத்தான் போட்டார். அந்த அனுபவம் என் மாணவர்களுக்கு வேண்டாம் என்பதால்தான் இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

வேபேக் மெஷின் என்பது சான் பிரான்சிஸ்கோவில் இருக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற லாப நோக்கமற்ற அமைப்பு நடத்தும் சேவை. புரூஸ்டர் கேல் 1996இல் அந்த அமைப்பைத் தொடங்கினார். 2001 முதல் யார் வேண்டுமானாலும் இந்தச் சேவையைப் பயன்படுத்தலாம். காசு கிடையாது, நன்கொடையில் ஓடுகிறது. ஒரு இணைய முகவரியைக் கொடுத்தால், அந்தப் பக்கம் எந்தெந்தத் தேதிகளில் படியெடுக்கப்பட்டது என்று நாட்காட்டியில் வட்டங்களாகக் காட்டும். வட்டத்தைத் தட்டினால் அன்றைய பக்கம் திறக்கும். பி.ஆர். மாணவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள இலவசக் கருவி எனக்குத் தெரிந்து இல்லை.

காரணம் இதுதான். கிளையன்ட் இன்று சொல்வதை கிளையன்ட் நேற்று சொன்னதோடு ஒப்பிட, வெளியாள் யாரையும் கேட்க வேண்டியதில்லை. இரண்டு தேதிகளை அருகருகே வைத்துப் பார்க்க இதிலேயே வசதி இருக்கிறது. நீக்கிய சொற்கள் மஞ்சளிலும் சேர்த்தவை நீலத்திலும் தெரியும். "முன்னணி நிறுவனம்" என்பது எந்த வருடம் "நம்பர் 1 நிறுவனம்" ஆனது என்று பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடிக்கும்போது வகுப்பில் வரும் சுறுசுறுப்பை எந்த விரிவுரையாலும் கொண்டுவர முடியாது.

கிரைண்டர் கதைக்கு வருகிறேன். 1975ஆ, 1982ஆ? அந்தத் தளத்தின் அடியிலேயே கம்பெனியின் சி.ஐ.என். இருந்தது. எழுத்தும் எண்ணுமாக மொத்தம் 21 இடம் கொண்ட பதிவு அடையாளம் அது. அதற்குள்ளேயே மாநிலக் குறியீடும் பதிவான ஆண்டும் இருக்கும். கோவைப் பதிவாளர் அலுவலகத்துக்கு டி.இசட்., பக்கத்திலேயே 1982. அவ்வளவு நேரம் அந்த வரியை யாரும் கவனிக்கவில்லை. மாணவி "அப்போ பொய் சொல்றாங்க மேம்" என்றாள். முதலில் போன் போட்டுக் கேள் என்றேன். எடுத்தவர் நிறுவனரின் பேரன். தாத்தா 1975இல் பீளமேட்டில் ஒரு லேத் வைத்துப் பட்டறை போட்டார், கம்பெனியாகப் பதிந்தது 1982இல் என்று சொல்லி, பட்டறையின் பழைய பில் புத்தகத்தில் ஒரு பக்கத்தைப் படம் எடுத்தும் அனுப்பினார். நீல மசியில் தேதி, ஓரத்தில் எண்ணெய்க் கறை. செய்திக்குறிப்பின் முதல் வரி "1975இல் பீளமேட்டில் ஒரு லேத் பட்டறையாகத் தொடங்கி, 1982இல் நிறுவனமாகப் பதிவான" என்று மாறியது. பழைய வரியைவிட இது நல்ல வரி. எந்த நிருபர் தோண்டினாலும் நிற்கும்.

இனி கவனிக்க வேண்டியவை. முகவரியில் வரும் 14 இலக்க எண்ணைப் படிக்க முதல் வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்துவிட வேண்டும். 20091114203015 என்றால் 2009 நவம்பர் 14, இரவு 8 மணி 30 நிமிடம் 15 விநாடி. ஆனால் அது கிரீன்விச் நேரம். ஐந்தரை மணி கூட்டினால் நம் ஊரில் 15ஆம் தேதி அதிகாலை 2 மணி ஆகிவிடுகிறது. ஒரு அறிக்கை எந்த நாளில் மாறியது என்று வாதம் வரும்போது இந்த ஒரு நாள் பெரிய விஷயம். அப்புறம், பக்கம் ஒரு தேதியிலும் அதில் உள்ள படம் வேறொரு தேதியிலும் படியெடுக்கப்பட்டிருக்கலாம். 2009 பக்கத்துக்குள் 2012 படம் வந்து உட்கார்ந்திருக்கும். மேல் பட்டையின் வலது ஓரத்தில் அந்தப் பதிவைப் பற்றிய விவரத்தைத் திறந்தால் எது எப்போதையது என்று தெரியும். ஒரு பக்கம் முதலில் படியெடுக்கப்பட்ட தேதியை அது வெளியான தேதி என்று எழுதிவிடுவது மாணவர்கள் அடிக்கடி செய்யும் தவறு. ஆர்க்கைவில் ஒன்று இல்லை என்பதாலேயே அது உலகத்தில் இல்லை என்றாகிவிடாது.

தமிழ்த் தளங்களில் ஒரு பெரிய தொல்லை இருக்கிறது. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியாக்கமான யூனிகோடு வருவதற்கு முன் ஒவ்வொரு பத்திரிகைத் தளமும் தனக்கென்று ஒரு எழுத்துரு வைத்திருந்தது. அந்தக் காலப் பக்கங்களைத் திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகக் கொட்டிக் கிடக்கும். பக்கம் கெட்டுப்போய்விட்டது என்று மூடிவிடுவார்கள். மூட வேண்டாம். என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற எழுத்துரு மாற்றியில் ஒட்டி, எந்தக் குறியாக்கம் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் பெரும்பாலும் தமிழ் எழுந்து வந்துவிடும். பேஸ்புக், இன்ஸ்டாகிராம் பதிவுகளுக்கு இந்த மெஷினை நம்ப முடியாது. தளத்தின் உரிமையாளர் கேட்டுக்கொண்டால் பழைய பக்கங்கள் எடுக்கப்பட்டுவிடுவதும் உண்டு.

சேவையே நின்றுபோகவும் செய்யும். 2017 ஆகஸ்டில் இந்தியா முழுக்க இது முடங்கியது. திருட்டுத்தனமாகப் படம் வெளியிடும் தளங்களுக்கு எதிராகத் திரைப்பட நிறுவனங்கள் போட்ட வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்த 2,600க்கும் மேற்பட்ட முகவரிகளில் இதுவும் சேர்ந்துவிட்டது. 2024 அக்டோபரில் நடந்த இணையத் தாக்குதலில் 3.1 கோடிக் கணக்குகளின் விவரம் கசிந்து, தளம் சில நாள் திறக்கவேயில்லை. என் பருவத் தேர்வு அந்த வாரத்தில் மாட்டிக்கொண்டது. அதிலிருந்து, பக்கத்தைச் சேமித்த இணைப்போடு ஒரு பி.டி.எஃப். படியும் கையில் வைத்திருக்கச் சொல்கிறேன்.

ஒவ்வொரு வருடமும் போபால் கதையைக் கட்டாயம் சொல்வேன். 2004 டிசம்பர் 3, விஷவாயு கசிந்து 20 ஆண்டு நிறைந்த நாள். பிபிசி வேர்ல்டு தொலைக்காட்சியில், அந்த ஆலையை நடத்திய யூனியன் கார்பைடைப் பின்னாளில் வாங்கிய டவ் கெமிக்கலின் பிரதிநிதி என்று ஒருவர் தோன்றி, முழுப் பொறுப்பையும் ஏற்கிறோம், 1,200 கோடி டாலர் கொடுக்கிறோம் என்றார். உண்மையில் அவர், பெரிய நிறுவனங்களின் ஆள் போல நடித்து அவற்றை அம்பலப்படுத்தும் எஸ் மென் என்ற குழுவைச் சேர்ந்தவர். டவ் தளம் மாதிரியே அவர்கள் நடத்திய போலித் தளத்தின் வழியாகத்தான் தொலைக்காட்சிக்காரர்கள் அவரைத் தொடர்புகொண்டிருந்தார்கள். டவ் அன்றைக்கே மறுத்தது. நிவாரணம் வந்துவிட்டது என்று போபாலில் சில மணி நேரம் நம்பியவர்களை நினைத்தால் எனக்கு இன்னும் நெஞ்சு கனக்கிறது. ஒரு தளம் உண்மையா என்று தெரிந்துகொள்ள அந்தத் தளத்திலேயே இருக்கும் மின்னஞ்சலுக்கு எழுதிக் கேட்கக் கூடாது. அந்த முகவரி எத்தனை நாளாக இருக்கிறது, முன்பு அதில் என்ன இருந்தது என்று வெளியிலிருந்து பார்க்க வேண்டும். அதற்கு இந்த நாட்காட்டி உதவும்.

1996க்கு முந்தைய எதற்கும் இது உதவாது. அதற்கு எழும்பூர் கன்னிமாரா நூலகம் இருக்கிறது. 1896இல் திறந்தது, நாட்டில் வெளியாகும் நூல்களின் படி வந்து சேரும் 4 தேசிய வைப்பு நூலகங்களில் ஒன்று. தமிழ் சினிமாவின் முதல் பி.ஆர்.ஓ. (மக்கள் தொடர்பு அலுவலர்) என்று அறியப்படும் பிலிம் நியூஸ் ஆனந்தனைப் பற்றி அங்கே போகும் வழியில் பிள்ளைகளுக்குச் சொல்வேன். எம்.ஜி.ஆர். இயக்கிய முதல் படத்துக்கு 1958இல் அந்த வேலையைத் தொடங்கியவர், ஒவ்வொரு படத்தின் விவரத்தையும் வாழ்நாள் முழுக்கச் சேர்த்து வைத்தார். அந்தச் சேகரிப்பைத் தமிழக அரசே வாங்கியது. நம் தொழிலின் முன்னோடியே இங்கே ஒரு ஆவணக்காரர்தான் என்று தெரிந்ததும் பிள்ளைகளின் முகம் மாறிவிடும்.

இந்தப் பருவத்திலிருந்து எந்தச் செய்திக்குறிப்போடும் ஒரு ஆதாரத் தாள் வைத்தாக வேண்டும். ஒவ்வொரு எண்ணுக்கும், ஒவ்வொரு "முதல்" என்ற சொல்லுக்கும் எதிரே எங்கே பார்த்தோம், எந்தத் தேதிப் படி, யாரிடம் கேட்டோம் என்ற மூன்று விவரம். கிரைண்டர் மாணவியின் தாளில் 11 வரி இருந்தது. அதை அந்தக் கம்பெனிக்கும் அனுப்பி வைத்தாள். அவர்கள் தளத்தில் "எங்களைப் பற்றி" பக்கத்தில் இப்போது இரண்டு ஆண்டுகளும் இருக்கின்றன.