திரீ கார்ட் போக்கர்: 304 அடிப்பவர்களின் மேசையில் ஒரு சோதனை

டீலருக்கு, அதாவது காசினோ தரப்பில் சீட்டுப் போடுபவருக்கு, எதிராக ஆடும் புதிய சீட்டாட்டம் ஒன்றை உருவாக்க விரும்புபவர்கள் முதலில் கழற்றிப் பார்க்க வேண்டியது, பிரித்தானியரான டெரெக் வெப் 1994 இல் உருவாக்கிய திரீ கார்ட் போக்கரை என்பது என் கருத்து. வன்னியில் காசினோ கிடையாது. ஆகவே எங்கள் சனசமூக நிலையத்தில் மாலையில் 304 என்ற சீட்டாட்டம் அடிக்கும் குழுவுடன், புளியங்கொட்டையைக் காசாக வைத்து ஆடிப் பார்த்தே இதனை எழுதுகிறேன்.

ஆட்டத்தைக் கற்றுக்கொடுக்க ஒரு தேநீர் ஆறும் நேரம் போதும். முதற்பந்தயம் வைத்ததும் ஆடுபவருக்கும் டீலருக்கும் மும்மூன்று சீட்டுகள் விழும். தன் சீட்டைப் பார்த்தவர் அதே அளவு மீண்டும் வைத்துத் தொடரலாம், அல்லது வைத்ததை இழந்து விலகலாம். ராணி, ஆறு, நான்கு ஆகியவையோ அதற்கு மேலானவையோ கையில் இருந்தால் தொடர்வதே கணக்குப்படி சரி. அப்படித் தவறாமல் ஆடினாலும், வழக்கமான விதிகளின்படி, முதற்பந்தயத்தில் சராசரியாக 3.37 சதவீதம் காசினோவுக்குப் போய்ச் சேரும்.

இதன் உயிர், டீலரிடம் குறைந்தது ராணியாவது இருக்க வேண்டும் என்ற நிபந்தனை. இல்லையென்றால் முதற்பந்தயத்துக்கு மட்டும் பணம் கிடைக்கும், இரண்டாவது பந்தயம் அப்படியே திரும்பி வரும். பத்தில் மூன்று தடவை அளவில் இது நேரும். எங்கள் குழுவின் மூத்தவர் ஒருவர், “தம்பி, என்ரை கையிலை சோடி ராசா இருக்கேக்கை அவன் ஆட்டத்துக்கே வரேல்லை எண்டா இது என்ன நியாயம்?” என்று சீட்டை மேசையில் போட்டார். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அடுத்த சுற்றுக்கும் அவர்தான் முதலில் கொட்டையை எண்ணி வைத்தார்.

குறை, சோடிக்கும் அதற்கு மேலானவற்றுக்கும் தனியாக வைக்கும் பக்கப்பந்தயத்தில் இருக்கிறது. மூன்றும் ஒரே இனமாக (எல்லாம் ஆட்டின் என்பது போல) வந்தால் நான்கு மடங்கு கொடுக்கும் பழைய கொடுப்பனவு அட்டவணையில் காசினோவின் பங்கு 2.32 சதவீதம், அந்த நான்கை மூன்றாக்கி மற்றவற்றைத் தொடாமல் விட்டால் அது 7.28 ஆகிறது. 52 சீட்டில் மூன்று மூன்றாக அமையும் 22,100 சேர்க்கைகளில் 1,096 ஒரே இனமாக அமைவதால், ஒரு மடங்கைக் குறைப்பதே இவ்வளவு தூரம் இழுக்கிறது. மேசையில் அமர்பவர் இதைக் கவனிப்பது அரிது. உருவாக்குபவர் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

304 கட்டின் 32 சீட்டுகளைக் கொண்டு இதே ஆட்டத்தை அமைத்தபோதுதான் சுவையான சிக்கல் வந்தது. அரிதாக வருவதே மேலானது. 52 சீட்டில் தொடர்வரிசை (அடுத்தடுத்து வரும் மூன்று சீட்டுகள்) 720 என்பதால், 1,096 ஆக வரும் ஒரே இனத்தை அது வெல்கிறது. 32 சீட்டில் தொடர்வரிசை 360, ஒரே இனமோ 200 மட்டுமே. ஆகவே மதிப்பு வரிசையைத் தலைகீழாக்க வேண்டியுள்ளது, கூடவே எல்லாக் கொடுப்பனவுகளையும் மொத்தம் 4,960 சேர்க்கைகளுக்குப் புதிதாகக் கணக்கிட வேண்டும். மூல விதிகளை அப்படியே படியெடுத்தவரின் ஆட்டம் இங்கே பிசகிவிடும்.

அடிப்படை ஆட்டத்துக்கு ஐந்தில் நான்கு தருவேன். பக்கப்பந்தயத்துக்கு, அட்டவணையில் ஒரே இனத்துக்கு நேரே நான்கு இருந்தால் மூன்று. மூன்று இருந்தால் ஒன்றுகூடத் தரமாட்டேன்.